நட்சத்திரம் என்றால் எத்தனை பேர்

எங்கள் தீவில் மருத்துவர்கள் மூன்று பேர். ஒருவர் மகள் கல்யாணத்துக்கு விடுப்பில் போனால், 'மருத்துவர் எண்ணிக்கை 33.3 விழுக்காடு சரிவு' என்று எங்கள் அலுவலகம் அறிக்கை எழுதும். அவர் மூட்டை முடிச்சோடு திரும்பி வந்ததும், '50.0 விழுக்காடு உயர்வு.' இரண்டு கணக்கும் சரிதான். சந்தேகப்பட்டு நான் இரண்டு முறை போட்டுப் பார்த்திருக்கிறேன்.

அந்த அறிக்கைகளை எழுதுகிறவர் தசமம். அவருடைய உண்மையான பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. எந்த எண்ணையும் ஒரு புள்ளியும் அதற்குப் பின்னால் ஓர் இலக்கமும் இல்லாமல் வெளியே அனுப்ப மாட்டார். உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால்கூட அரை நொடி யோசித்துவிட்டுத்தான் "ரெண்டு" என்பார். அந்த அரை நொடியில் புள்ளியை விழுங்குகிறார் என்பது என் எண்ணம்.

சுகாதாரப் புள்ளிவிவர அலுவலகம் அஞ்சலகத்துக்கு மேல்மாடியில் இருக்கிறது. மூன்று அறைகள். ஒன்றில் இயக்குநர், ஒன்றில் தசமமும் நானும், மூன்றாவதில் விற்காத புத்தகங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு புத்தகம் போடுகிறோம். தீவில் யாருக்கு என்ன நோய் வந்தது, எத்தனை பேர் பிறந்தார்கள், எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்ற விவரம். மூன்றாவது அறைதான் மூன்றிலும் பெரியது.

ஒரே ஒரு புத்தகம் மட்டும் விற்றுத் தீர்ந்தது. அதில் 'பாலியல் நோய்: மேட்டுத் தெரு, ஆண், எழுபது வயதுக்கு மேல்: 1' என்று அச்சிட்டிருந்தோம். எண் சரியானதுதான். ஆனால் மேட்டுத் தெருவில் எழுபது தாண்டிய ஆண்களே மூன்று பேர். ஒருவர் படுத்த படுக்கை. மிச்சம் இரண்டு பேரில் யார் என்று ஊரே பட்டிமன்றம் நடத்தியது. ஒருவருடைய மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். இன்னொருவருடைய மனைவி போகவில்லை. பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டார். உண்மையில் அது படுத்த படுக்கைக்காரரின் பழைய பாக்கி. அதை நாங்கள் வெளியே சொல்லவும் முடியாது.

அப்போது நான் மாலை வகுப்பில் புள்ளியியல் படித்துக்கொண்டிருந்தேன். சிறிய ஊர்களுக்கு என்று ஒரு வழி அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். அட்டவணையின் ஒரு கட்டத்தில் வரும் எண் ஐந்துக்குக் குறைவாக இருந்தால் அதை அச்சிடக்கூடாது. நட்சத்திரக் குறி போட வேண்டும். ஆள் யாரென்று தெரியாது, மானம் காக்கப்படும். எனக்கு அது பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றியது. ஒரு பக்கத்தில் விதியாக எழுதி இயக்குநரிடம் கொடுத்தேன். 'நட்சத்திரம் என்றால் ஒன்று முதல் நான்கு வரை. ஒருவருமே இல்லையென்றால் 0 என்று போட வேண்டும். மற்ற எண்களைக் கழித்துப் பார்த்து மறைத்ததைக் கண்டுபிடிக்க முடியுமானால் மொத்தத்தையும் மறைக்கலாம்.'

இயக்குநர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "நீயா எழுதின?"

"ஆமா சார். தப்பிருந்தா..."

"தப்பா? பிரமாதம்!" என்று கையெழுத்துப் போட்டார். அவருடைய கையெழுத்து அவரைப் போலத்தான், பாதிப் பக்கத்தை எடுத்துக்கொள்ளும். அடுத்த புத்தகத்திலிருந்து என் விதி முதல் பக்கத்தில் அந்தக் கையெழுத்தோடு அச்சாகிறது.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் சந்தோஷப்பட்டால் பின்னாலேயே ஏதோ வரும் என்பது என் வாழ்க்கையில் ஓரளவு நம்பகமான புள்ளிவிவரம்.

வந்தது மஞ்சள் காமாலை.

துறைமுகப் பக்கம் நான்கு தெருக்களுக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டி. புதுத் தொட்டி. அதைத் திறந்து வைத்தவர் எங்கள் இயக்குநர். முதல் குவளைத் தண்ணீரை அவர் அண்ணாந்து குடிக்கிற படம்தான் எங்கள் புத்தகத்தின் அட்டை. அந்த நான்கு தெருக்களிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்கள் மஞ்சள் கண்ணோடு வர ஆரம்பித்தார்கள். முதலில் இரண்டு பேர், பிறகு ஒன்பது பேர், பிறகு குடும்பம் குடும்பமாக. ஆஸ்பத்திரி நர்ஸம்மா தினமும் தொலைபேசியில் எண்ணைச் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். ஒருநாள் எண்ணைச் சொன்ன பிறகும் அவர் போனை வைக்கவில்லை.

"உங்கக்காவுக்கு எத்தனாவது மாசம்?"

"ஏழு முடியப் போகுது."

"இந்தக் காமாலை மத்தவங்களுக்கு வந்தா ஓய்வெடுத்தாப் போதும். கர்ப்பிணிக்கு வந்தா லேசுப்பட்டதில்லம்மா. தண்ணியைக் கொதிக்க வைக்கிறீங்கல்ல?"

கொதிக்க வைத்தோம். அக்காவும் மாமாவும் நானும் துறைமுகத் தெருவில் ஒரே வீட்டில் இருக்கிறோம். அக்கா படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கிறவள். வீட்டில் குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். பல் விளக்குகிற தண்ணீரை, பாத்திரம் கழுவுகிற தண்ணீரை, படகுத்துறையில் டீக்கடைக்காரர் டம்ளரை முக்கி எடுக்கிற வாளியை யார் கொதிக்க வைப்பது?

நான் தண்ணீர் வாரியத்துக்கு நேராகப் போனேன். பொறியாளர் விதிப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறவர் என்று பேச்சு. நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"தொட்டியை மூடி லாரித் தண்ணி அனுப்பணும்னா விதி பதினொண்ணு இருக்கும்மா. ஒரு காலாண்டுல ஒரே தொட்டித் தண்ணி குடிக்கிறவங்கள்ல இருபது பேருக்கு மேல நோய் வந்திருக்கணும்."

"வந்திருக்கு சார். அறுபதைத் தாண்டிடுச்சு."

"உங்க புத்தகத்துல வரட்டும். அச்சுல வந்த கணக்குதான் செல்லும்னு விதியிலயே போட்டிருக்கு."

"ஆஸ்பத்திரிப் பதிவு இருக்கு சார், வேணும்னா நானே..."

"நீ சொல்றதை நான் நம்புறேன். ஆனா என் நம்பிக்கையை வச்சு ஒரு குழாயைக்கூடத் திருக முடியாது." சொல்லிவிட்டு மேசைக்கு அடியிலிருந்து பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தார். பாட்டில் அக்கரைக் கடையில் வாங்கியது.

சரி, புத்தகம் வரட்டும் என்று திரும்பினேன். புத்தகம் எழுதுகிறது நாங்கள்தானே.

அந்த வாரம் தெருக்கோடி டெய்லர் அண்ணனின் மனைவியைப் படகில் அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவருக்கும் ஏழாவது மாதம். அக்காவும் அவரும் ஒரே நாளில்தான் பரிசோதனைக்குப் போய்வருவார்கள். டெய்லர் அண்ணன் தனியாகத் திரும்பி வந்தார். அக்கா அன்று டிக்கெட் ஜன்னலை மூடிவிட்டு வீட்டுக்கு வந்து, கொதிக்கவைத்த தண்ணீரை மறுபடியும் அடுப்பில் ஏற்றினாள்.

காலாண்டு முடிந்தது. அட்டவணையை எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குள் போனேன். தசமமும் கூட வந்தார்.

"துறைமுகத் தொட்டியில மட்டும் அறுபத்து மூணு சார்."

இயக்குநர் அட்டைப்படத்தை ஒரு பார்வை பார்த்தார். அண்ணாந்து குடிக்கிற அவர் பதில் பார்வை பார்க்கவில்லை.

"அறுபத்து மூணுங்கறது ரொம்ப மொட்டையா இருக்கும்மா. படிக்கிறவங்களுக்கு விவரம் வேணாமா? தெருத் தெருவாப் பிரி."

பிரித்தேன். மறுநாள் போனேன்.

"ஆண் பெண் பிரிக்கலையே?"

பிரித்தேன்.

"வயசு? அஞ்சஞ்சு வருஷமாப் பிரிச்சாத்தான் ஆராய்ச்சிக்காரங்களுக்கு உதவும். அப்படியே மாச வாரியாவும் போட்டுடு. அக்கரையில இந்த மாதிரி விவரமா யாரும் போடறதில்ல, தெரியுமா?"

நான்கு தெரு, ஆண் பெண், பதினான்கு வயதுப் பிரிவு, மூன்று மாதம். முந்நூற்று முப்பத்தாறு கட்டங்கள். அறுபத்து மூன்று பேரை அதற்குள் போட்டால், மைதானத்தில் பட்டாணி இறைத்த மாதிரி, ஒரு கட்டத்தில் ஒருவர், ஒரு கட்டத்தில் இருவர். ஐந்து பேர் எந்தக் கட்டத்திலும் இல்லை. என் விதிப்படி ஆள் விழுந்த கட்டமெல்லாம் நட்சத்திரம். மிச்சமெல்லாம் பூஜ்யம். எண் என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. கடைசி வரியில் மட்டும் 'மொத்தம் 63' என்று இருந்தது.

இயக்குநர் பேனாவை அந்த வரிமேல் வைத்தார். "இது எதுக்கு? கழிச்சுப் பார்த்தா மறைச்சது தெரிஞ்சுடும்ல?"

"இதுல தெரியாது சார். எல்லாமே மறைச்சிருக்கே, எதிலேர்ந்து எதைக் கழிக்கிறது?"

"மொத்தத்தையும் மறைக்கலாம்னு எழுதினது யாரு?"

"நான்தான் சார். ஆனா அது வேற..."

"பெரிய படிப்புப் படிச்சு நீதானம்மா சொல்லிக் கொடுத்த. நான் உன் பேச்சைக் கேக்கறேன், நீயே கேக்க மாட்டேங்கறியே." ஒரே கோடு. மொத்தம் போயிற்று.

"டெய்லர் வீட்டம்மா, சார்?" என்றார் தசமம். "இறப்புப் பக்கத்துல..."

"அவங்க இறந்தது அக்கரையில. எங்க இறந்தாங்களோ அங்கதான் கணக்கு. நம்ம தீவுல காமாலையால இறந்தவங்க பூஜ்யம்."

தசமம் அந்தப் பூஜ்யத்துக்குப் பின்னால் புள்ளி வைக்கவில்லை. முதல்முறையாக.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முழுசாகத்தானே முடியாது? எங்கள் இயக்குநர் பொடிப்பொடியாக நறுக்கி மறைத்தார். அரிவாள்மணையைக் கழுவித் துடைத்துக் கொடுத்தது நான்.

புத்தகம் அச்சாகி வந்தது. ஒரு பிரதியை வீட்டுக்கு எடுத்து வந்தேன். சாப்பாட்டு மேசையில் அக்கா அதைப் புரட்டினாள். கால் வீங்கியிருந்ததால் எதிர் நாற்காலியில் தூக்கி வைத்திருந்தாள்.

"என்னடீ இது, நம்ம தெருப் பக்கம் பூரா பூச்சி அரிச்ச மாதிரி இருக்கு?"

"நட்சத்திரம்க்கா. ஆள் அடையாளம் தெரியக்கூடாதுன்னு."

"எனக்குத் தெரியுதே. ஆண், நாப்பது நாப்பத்தஞ்சு, துறைமுகத் தெரு. டீக்கடைக்காரர். இது அவரு பொண்டாட்டி. இந்த ரெண்டும் அவங்க வீட்டு வாண்டுங்க. குடும்பத்தோட வானத்துல மின்னறாங்க." பக்கத்தைத் திருப்பினாள். "மொத்தம் எங்க?"

"எடுத்துட்டாங்க."

"யாரு?"

"நான் எழுதின விதியை வச்சே எடுத்துட்டார்க்கா."

அக்கா என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. விரலைப் பக்கத்தின் மேலேயே வைத்திருந்தாள்.

"சரி, ஒரு நட்சத்திரத்துக்கு எத்தனை பேர்?"

"ஒண்ணுலேர்ந்து நாலு."

"அப்ப எங்க குடும்ப டிக்கெட் மாதிரி. ஒண்ணு கிழிச்சா நாலு பேர் வரைக்கும் ஏறலாம். ஒருத்தராவது ஏறியிருப்பாங்க, ஆளே இல்லாம எவன் டிக்கெட் வாங்குவான்? இத்தனை டிக்கெட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு படகு காலின்னு சொல்றாராடீ உங்க ஆளு?"

எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தேன். அவள் சும்மா கிண்டலுக்குச் சொன்னாள். எனக்கு முதல் பக்கம் ஞாபகம் வந்தது. ஒருவருமே இல்லையென்றால் 0 என்று போட வேண்டும். அப்படியானால் நட்சத்திரம் விழுந்த ஒவ்வொரு கட்டத்திலும் ஆள் உண்டு. அதற்கு இயக்குநரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். மொத்தத்தை மறைத்தவர் நட்சத்திரங்களை மறைக்கவில்லை. நறுக்க நறுக்கத் துண்டு கூடியிருக்கிறது!

பென்சிலை எடுத்து எண்ணினேன். நாற்பத்தொன்று. மறுபடி எண்ணினேன். நாற்பது. மூன்றாவது முறை நாற்பத்தொன்று. மாமா குனிந்து பார்த்துவிட்டு, "இது நட்சத்திரமில்ல, மைச் சொட்டு" என்றார். நாற்பது.

"மைச் சொட்டுக்கும் காமாலை போட்டுடாதடீ" என்றாள் அக்கா.

மறுநாள் பொறியாளர் மேசையில் புத்தகத்தை விரித்து வைத்தேன். சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்தது. எங்காவது ஒரு ஓட்டை இருக்கும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அவர் முதல் பக்கத்தைப் படித்தார். விதி பதினொன்றைப் படித்தார். மறுபடி முதல் பக்கம். பிறகு பேனா முனையால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"நாப்பத்தொண்ணு."

"ஒண்ணு மைச் சொட்டு சார்."

"சரி, நாப்பது. குறைஞ்சபட்சம் நாப்பது பேர். இருபதுக்கு மேலதான்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இது உங்க இயக்குநர் கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"இவ்வளவு பெரிய கையெழுத்தை நான் எப்படிம்மா மீற முடியும்?"

அன்று மாலையே தொட்டியைப் பூட்டினார்கள். துறைமுகத் தெருவில் லாரி வந்து நின்றது. தோண்டிப் பார்த்ததில், தொட்டிக்குப் போகிற குழாய் சாக்கடையை ஒட்டி உடைந்திருந்தது. சாக்கடையும் குழாயும் எத்தனை நாளாகச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தனவோ.

இயக்குநர் எங்கள் அறைக்கு வந்தார். அவர் எங்கள் அறைக்கு வந்து நான் பார்த்ததில்லை.

"நட்சத்திரத்தை யாரு எண்ணச் சொன்னது?"

நான் எழுந்து நின்றேன். தசமம் உட்கார்ந்தபடியே சொன்னார், "எண்ணறதுக்குத்தானே சார் நமக்குச் சம்பளம்."

இயக்குநர் அவரை முறைத்தார்; என்னை முறைத்தார்; பிறகு அவருக்கே உரிய தீர்வோடு திரும்பிப் போனார். அடுத்த காலாண்டுப் புத்தகத்துக்கு ஆணை வந்தது: 'இனி பூஜ்யத்துக்கும் நட்சத்திரமே போடப்படும்.' இனி நட்சத்திரம் என்றால் பூஜ்யம் முதல் நான்கு வரை. எவனும் எண்ணிப் பார்த்து ஒன்றும் கிழிக்க முடியாது.

அட்டவணையைத் தட்டச்சு செய்தேன். முந்நூற்று முப்பத்தாறு கட்டங்களிலும் நட்சத்திரம். பிளேக் பக்கத்திலும் நட்சத்திரம். தீவில் யாரும் கண்ணால் பார்க்காத நோய் அது. இப்படி ஒரு பக்கத்தைத் தட்டச்சு செய்வதற்கா மாலை வகுப்புக்குப் போனேன் என்று நினைத்தேன். ஆனாலும் பிழை பார்த்தேன். பிழை இல்லை. பிழை இருப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

இதற்கிடையில் குழாயை மாற்றிவிட்டார்கள். தொட்டியைக் கழுவி, தண்ணீரைச் சோதித்தாகிவிட்டது. மறுதிறப்பு விழாவுக்கு இயக்குநர் நாள் குறித்து, புகைப்படக்காரரையும் சொல்லிவைத்துவிட்டார். அச்சுக்குப் போகும் முன் பொறியாளர் புத்தகத்தின் மாதிரிப் படியைக் கேட்டு வாங்கினார். இரண்டு நாளில் கடிதம் வந்தது. இயக்குநர் என்னையே படிக்கச் சொன்னார்.

'தங்கள் புதிய விதிப்படி நட்சத்திரம் என்பது பூஜ்யமாகவும் இருக்கலாம், நான்காகவும் இருக்கலாம். பொதுமக்கள் நலன் கருதி வாரியம் அதை நான்கு என்றே கொள்ளும். அதன்படி துறைமுகத் தொட்டிப் பகுதியில் இந்தக் காலாண்டில் மஞ்சள் காமாலை நோயாளிகள் 1344 பேர் வரை. தொட்டியைத் திறக்க இயலாது. மேலும், அப்பகுதியில் குடியிருப்பவர்களே 1200 பேர்தான் என்பதால், மீதி 144 பேர் யார் என்பதையும் தெரிவிக்கவும்.'

முந்நூற்று முப்பத்தாறை நான்கால் பெருக்கிப் பார்த்தேன். சரியாக இருந்தது. மறுபடி பெருக்கினேன்.

"என்ன பண்ற?" என்றார் இயக்குநர்.

"சரிபாக்கறேன் சார்."

"உண்மையில எத்தனை பேரு?"

"ஏழு சார். எல்லாரும் தொட்டியை மூடினப்பவே படுத்திருந்தவங்க. அதுக்கப்புறம் புதுசா யாரும் இல்ல."

"ஏழு புள்ளி பூஜ்யம்" என்றார் வாசலில் நின்றிருந்த தசமம்.

இயக்குநர் விழா அழைப்பிதழைப் பார்த்தார். கடிதத்தைப் பார்த்தார். "சரி, மொத்தத்தைப் போட்டுத் தொலை. எல்லாப் பக்கத்திலயும். அந்தப் பழைய விதியையே வை."

அவர் அட்டைக்குப் படம் பொறுக்குவதில் மும்முரமாக இருந்த வேளையில், இறப்புப் பக்கத்தில் நான் ஒரு வரி கூட்டினேன். 'தீவில் வசித்து, வெளியே இறந்தவர்கள்.' முந்தின காலாண்டில் விடுபட்டதையும் திருத்தமாக அதிலேயே சேர்த்தேன். ஐந்துக்குக் குறைவு என்பதால் விதிப்படி நட்சத்திரம். கீழே விளக்கமும் போட்டேன். மறைத்து எதையும் செய்யவில்லை. இயக்குநர் படித்துப் பார்க்காமல் பாதிப் பக்கத்துக்குக் கையெழுத்துப் போட்டார். புதிய அட்டையில் அவர் மறுபடியும் அண்ணாந்து தண்ணீர் குடிக்கிறார். சட்டை மட்டும் வேறு.

அக்காவுக்குப் பெண் பிறந்தாள். தாயும் சேயும் சௌக்கியம். பிறப்புப் பக்கத்தின் மொத்தத்தில் அவள் இருக்கிறாள். ஆனாலும் நம்பிக்கையில்லாதவள் போல இரவும் பகலும் கத்தி வருகையைப் பதிவு செய்கிறாள்.

குழந்தைக்குச் சட்டை தைக்கக் கொடுக்க டெய்லர் அண்ணன் கடைக்குப் போனபோது, புத்தகத்தையும் எடுத்துப் போனேன். கொடுப்பதா வேண்டாமா என்று கடை வாசலில் வெகுநேரம் நின்றேன். அவரே கவனித்துவிட்டார்.

"கையில என்னம்மா?"

பக்கத்தைத் திறந்து காட்டினேன். அளவு நாடா கழுத்தில் தொங்க, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படித்தார்.

"இந்த நட்சத்திரம்..."

"ஒருத்தராவது உண்டுன்னு அர்த்தம் அண்ணே."

"பேரு போட மாட்டீங்க."

"போடக்கூடாது."

"நாலு பேராவும் இருக்கலாம்னு போட்டிருக்கே கீழ."

"ஆமாண்ணே. தெரியக்கூடாதுன்னுதான்."

"ரெண்டு பேரும்மா." புத்தகத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "உள்ள இருந்ததையும் சேத்தா."

பிறக்காத குழந்தைக்கு எங்கள் புத்தகத்தில் கட்டமே கிடையாது. அவர் சாக்கட்டியை எடுத்துக்கொண்டு, "பாப்பாவுக்கு மார்பளவு சொல்லு" என்றார்.

சொன்னேன். பிறகு சந்தேகம் வந்து, வீட்டுக்குப் போய் மறுபடி அளந்துகொண்டு வருகிறேன் என்றேன்.